அப்பா அம்மாவுக்கு ஒரு மலை விடுதி

மே மாத நடுவில் அப்பாவும் அம்மாவும் தென்காசியிலிருந்து டோக்கியோ வருகிறார்கள். யாரைக் கேட்டாலும் டிஸ்னிலாந்து, ஃபுஜி மலை, கியோட்டோ என்று ஒரு பட்டியல் தருகிறார்கள். எனக்கு வேறு ஆசை. கடை கண்ணி இல்லாத ஒரு மலையிடுக்கில், வெந்நீர் ஊற்றை ஒட்டிக் கட்டிய பழைய ரியோகன் (ஜப்பானிய மரபு விடுதி) ஒன்றில் அவர்களை ஓர் இரவாவது தங்க வைக்க வேண்டும். குளிப்பதற்கென்றே மூட்டை கட்டிக்கொண்டு ஓர் ஊருக்குப் போவதைக் குற்றாலத்துப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த விடுதி என்று முடிவெடுப்பது லேசாக இல்லை. டோக்கியோவின் நிஷி-கசாயில் இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் என்றாவது இந்த வேலை வரும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நகரத்து ஹோட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் வெளியே போய்ச் சாப்பிடலாம். மலைக்குள் தனியாக நிற்கும் விடுதியில் அது நடக்காது. மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனால் மறுநாள் காலை பத்து மணி வரை அந்த வீடுதான் ஊர், அந்தச் சமையல்தான் சமையல். அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் கிளம்பும் முன்பே கேட்டு முடித்துவிட வேண்டும்.

முதலில் பணம். 'ஆல் இன்க்ளூசிவ்' என்று விளம்பரம் செய்யும் விடுதிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பீர், சாகே, காபி, ஐஸ்கிரீம், இரவு நொறுக்குத்தீனி எல்லாம் வாடகையிலேயே அடக்கம். குடிக்கிறவர்களுக்கு அது லாபம். எங்கள் வீட்டில் அப்பா தேநீரைத் தாண்டமாட்டார். அது எந்த ரியோகனிலும் அறையிலேயே இருக்கும். பழைய முறையில் 'ஒரு இரவு, இரண்டு வேளை' என்று விலை சொல்கிறார்களே, அதுவே ஏறக்குறைய எல்லாம் சேர்ந்ததுதான்: இரவு விருந்து, காலைச் சாப்பாடு, எத்தனை தடவை வேண்டுமானாலும் குளியல், உடுத்த யுகாதா என்ற அங்கி, விரித்துத் தரும் படுக்கை. மதுபானத்துக்கும், பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு 150 யென் குளியல் வரிக்கும் மட்டும் தனிக் கணக்கு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. விலை அறைக்கு இல்லை, ஆளுக்கு. நம் ஊரிலிருந்து பதிவு செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்துப் போகிறார்கள். 'ஆல் இன்க்ளூசிவ்' வேண்டாம் என்றதில் மிச்சமாகும் பணத்தை நான் கழிப்பறை உள்ளேயே இருக்கும் அறைக்குப் போட்டேன். பழைய மர விடுதிகளில் பல அறைகளுக்கு நடைபாதைக் கோடியில் பொதுக் கழிப்பறைதான். ராத்திரியில் முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் அப்பாவால் நடக்க முடியாது.

அப்புறம் தண்ணீர். எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. ஜப்பானில் 1948-ல் வந்த ஒன்சென் சட்டப்படி, ஊற்றில் 25 டிகிரி சூடு இருந்தாலே அதை 'ஒன்சென்', அதாவது வெந்நீர் ஊற்று, என்று சொல்லலாம். அது இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட 19 பொருட்களில் ஒன்று போதிய அளவு கலந்திருந்தால் ஒன்சென்தான். ஆகவே அந்தப் பெயரை மட்டும் நம்பிப் போனால், சூடேற்றி, வடிகட்டி, குளோரின் போட்டுச் சுற்ற விட்ட தண்ணீரும் கிடைக்கலாம். 2004-ல் நாகானோ மாநிலத்தின் ஷிராஹோனேயில், பால்வெள்ளைத் தண்ணீருக்குப் பேர்போன அந்த ஊரிலேயே, சில குளியல்களில் நிறத்துக்காகப் பொடி கலந்தது வெளியே வந்து நாடே அதிர்ந்தது. அதன் பிறகு 2005 முதல், வேறு தண்ணீர் சேர்க்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, மறுபடி சுற்ற விடுகிறார்களா, மருந்து போடுகிறார்களா என்று எழுதி மாட்டுவது கட்டாயம். உடை மாற்றும் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தத் தாளை எங்கே போனாலும் நின்று படிப்பேன். பல விடுதிகள் அதை இணையதளத்திலும் போடுகின்றன. ஊற்றுத் தண்ணீர் அப்படியே வந்து நிறைந்து வழிந்து போகிறது என்றால் 'கக்கெநகாஷி' என்று பெருமையாகவே எழுதியிருப்பார்கள். அந்தச் சொல் இல்லாத விடுதியை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

அகிதா மாநிலத்து நியூதோ மலையில் ஏழு விடுதிகள் சிதறிக் கிடக்கின்றன. அதில் சுருநோயுவின் கூரை வேய்ந்த பழைய கட்டடமும் வெள்ளைத் தண்ணீரும் ஜப்பானியர்கள் எல்லோரும் படத்தில் பார்த்துப் பழகியவை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது கந்தகத் தண்ணீர். வெள்ளி அதில் பட்டால் கறுத்துவிடும். அம்மா மெட்டியைக் கழற்றவே மாட்டார். கந்தக வாடையும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதே அகிதாவின் தமகாவா இன்னும் கடுமை. அதன் பி.எச். 1.2, ஜப்பானிலேயே அதிக அமிலம். வறண்ட தோலில் பட்டால் சுரீர் என்று எரியும். அவோமோரியின் அவோனியில் அறைக்கு மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சம்தான். இளவயதில் போக அதைவிட அழகான இடம் இல்லை. இருட்டில் படியேறும் அப்பாவை நினைத்து அதையும் விட்டேன். ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கில், விடுதியிலிருந்து கேபிள் கார் ஏறி 170 மீட்டர் கீழே ஆற்றங்கரைக் குளியலுக்கு இறங்குவார்கள். முழங்காலுக்கு அது ஏற்றதுதான், ஆனால் டோக்கியோவிலிருந்து தூரம்.

கடைசியில் குன்மா மாநிலத்தின் ஹோஷி ஒன்சென். நானும் கணவரும் ஓர் இலையுதிர் காலத்தில் போயிருக்கிறோம். நீகாதா எல்லையில் மிகுனி கணவாய்க்குக் கீழே, காட்டுப் பாதை முடிகிற இடத்தில் அந்த ஒரே விடுதி, சோஜுகான். வாசலில் 'ஹிட்டோ' சங்கத்தின் காகித விளக்கு தொங்கும். ஒதுக்குப்புறத்து ஊற்றுகளைக் காப்பாற்ற 1975-ல் விடுதிக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது.

அங்குள்ள பெரிய குளியல் கூடம் 1895-ல் கட்டியது. உயரமான மரக்கூரை, மேலே வளைந்த ஜன்னல்கள். தொட்டியின் அடியில் கூழாங்கற்கள் பரப்பியிருக்கிறார்கள். குழாய் இல்லை, அந்தக் கற்களுக்குக் கீழேதான் ஊற்று. அசையாமல் உட்கார்ந்தால் கல்லிடுக்கிலிருந்து குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, தொடையை உரசி, முதுகோடு ஏறி, மேலே வந்து உடையும். தொட்டிக்குக் குறுக்கே உருட்டுக்கட்டைகள் கிடக்கின்றன. அதில் பின்தலையை வைத்துக் கால் நீட்டினால் போதும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு, வாடை இல்லை, உடம்பை அலற வைக்காத இதமான சூடு. இரத்த அழுத்தம் உள்ள அப்பாவுக்கு அந்த இதம்தான் வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 42, 43 டிகிரித் தொட்டியில் சடாரென்று இறங்கவே கூடாது. சாப்பிட்ட கையோடு குளிப்பதும் ஆகாது.

1981-ல் அன்றைய தேசிய ரயில்வே, வயதான தம்பதிகளுக்கு 'ஃபுல் மூன்' பயணச்சீட்டு கொண்டுவந்தபோது, நடிகர் உஎஹாரா கெனையும் நடிகை தகாமினே மியேகோவையும் இந்தத் தொட்டியில் உட்கார வைத்துத்தான் விளம்பரம் எடுத்தார்கள். கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 88 வர வேண்டும் என்பது அந்தச் சீட்டின் அன்றைய கணக்கு. எங்கள் வீட்டுத் தம்பதி அதைத் தாண்டி வெகுகாலம் ஆயிற்று.

சிக்கலும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. அந்தக் கூடம் ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிப்பது. போனில் சொன்னதுமே அம்மா, "துணி இல்லாமலா? அதெல்லாம் எனக்கு ஆகாது, ஏட்டி" என்றார். இரவில் பெண்களுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்குகிறார்கள், நானும் கூடவே இருப்பேன், வெளிச்சமும் மங்கல்தான் என்றேன். "பார்ப்போம்" என்று இறங்கி வந்திருக்கிறார். வற்புறுத்த மாட்டேன். அம்மாமார்களுக்குக் கூச்சம் பெரிதாக இருந்தால், பூட்டிக்கொண்டு குடும்பமாகக் குளிக்கும் தனிக் குளியல் உள்ள விடுதியைத் தேடுவதுதான் மரியாதை. பதிவுத் தளங்களில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது.

சாப்பாட்டில் எங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. இருவரும் மீன் சாப்பிடுவார்கள். மாடும் பன்றியும் வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே எழுதிவிட்டேன். மே மாதம் மலைக் கீரைகளுக்கும் நல்ல காலம். வராபி, கொகோமி என்று சுருண்ட பெரணித் தளிர்களைத் தட்டில் பார்த்தால் அம்மா ஆயிரம் கேள்வி கேட்பார். சுத்த சைவக் குடும்பங்களுக்கு இது இவ்வளவு சுலபம் இல்லை. காய்கறியை மட்டும் வேக வைத்தாலும் அந்தச் சாற்றில் காய்ந்த மீன் சீவல் போட்டிருப்பார்கள். 'சைவம்' என்று மட்டும் எழுதாமல், 'கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷிதாகே காளானிலும் எடுத்த சாறு மட்டும்' என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்று சொல்லும் விடுதியிடம் வாதாட வேண்டாம்; இரண்டே சமையல்காரர்கள் இருக்கும் இடத்தில் அது நேர்மையான பதில். சைவக் குடும்பங்களுக்கு நான் கோயாசான் மலையைச் சொல்வேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் தங்க இடம் தந்து, புத்த பிட்சுக்களின் சைவச் சாப்பாடு போடுகின்றன. அதில் ஃபுகுசி-இன் கோயிலில் வெந்நீர் ஊற்றுக் குளியலும் உண்டு.

வழி பற்றி: டோக்கியோவிலிருந்து ஜோயெத்சு ஷின்கான்சென், ஜோமோ-கோகென் நிலையத்தில் இறங்கிப் பேருந்து, சருகாக்யோவில் மாறி இன்னொரு பேருந்து. அந்தக் கடைசிப் பேருந்து நாளுக்கு ஒரு சில தடவைதான். ரயிலை அதற்கு ஏற்றபடி பிடிக்க வேண்டும், ரயிலுக்குப் பேருந்து காத்திருக்காது. இரவுச் சாப்பாடு ஆறு மணி வாக்கில் என்பதால் இருட்டிய பிறகு போய்ச் சேரும் திட்டமே வேண்டாம். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் சேர்ந்து வரும் பொன் வார விடுமுறையில் விலையும் கூட்டமும் எகிறும்; அது கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவைப் பிடித்திருக்கிறேன். சனிக்கிழமையைவிடக் குறைந்த விலை, கூடத்திலும் கூட்டம் இருக்காது. குளியலுக்குப் பக்கத்து அறையும் அப்பாவுக்கு உயரமான நாற்காலியும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

நேற்று அம்மா கேட்டது, தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா என்று. கூடாது. தொட்டியில் இறங்கும் முன் முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு உடம்பை நன்றாகக் கழுவ வேண்டும், கைத்துண்டைக்கூடத் தண்ணீரில் விடக் கூடாது. எண்ணெய்க் குளியலைச் சனிக்கிழமையே எங்கள் வீட்டில் முடித்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். சீயக்காய் அவர் கொண்டு வருகிறார்.