ஒரு ஸ்டேஷன், மூன்று பாதை, நிஜக் கடிகாரம்

மாடல் ரயில் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் வண்டிதான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, குழந்தைகளுக்கு அது பேரானந்தம். ஆனால் நிஜ ரயில்வேயில் வண்டி ஓடுவதைவிட நிற்பதில்தான் விஷயம் அதிகம். ஒரு வண்டி ஏன் நிற்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது, யார் அனுமதி தந்தால் கிளம்பும் என்ற மூன்றும் மாடலில் வந்துவிட்டால் அது ரயில்வே ஆகிவிடுகிறது. மரமும் மலையும் குகையும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நான் மீட்டர் கேஜ் (இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி) காலத்தில் சிக்னல் மெயின்டெய்னராக இருந்தவன். கம்பி, புல்லி, கைகாட்டி, நெம்புகோல் என்றே பாதி ஆயுள் போனது. ஓய்வுபெற்ற பிறகு மொட்டை மாடி அறையில் ஒரு சுவரை ஒட்டி 16 அடி நீளம், 2 அடி அகலத்தில் பலகை அடித்து, விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் (குறுக்குப் பாதையில்) இருந்தது போன்ற, எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும் ஒரு சிறு கிராசிங் ஸ்டேஷனைக் கட்டியிருக்கிறேன். எந்த ஒரு ஊரின் அச்சு நகலும் இல்லை. விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் இடையில் எங்கோ, 1980களின் நடுவில் ஒரு காலை. ஒரு மெயின் லைன், வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப், ஒரு சிறிய குட்ஸ் பாதை. அவ்வளவுதான்.

அளவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் அது. என் மாடலின் அளவு எச்ஓ, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் வழக்கமான எச்ஓ பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். அது வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜுக்குச் சரி. நம்முடைய பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். 87-ல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. ஆக அந்தத் தண்டவாளத்தில் நம் பிராட் கேஜ் எஞ்சினை வைத்தால், எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் கால் ஒடுங்கியதுபோல்தான் தெரியும். மீட்டர் கேஜுக்கு அந்தக் குறை கிடையாது. 1,000-ஐ 87-ல் வகுத்தால் 11.5; சுவிட்சர்லாந்து மலை ரயில்களை மாடல் செய்பவர்களுக்காக வரும் 12 மில்லிமீட்டர் பாதை அதற்கு அரை மில்லிமீட்டர்தான் கூடுதல். கெஜத்துக்கு 75 பவுண்டு எடையுள்ள நிஜத் தண்டவாளத்தின் உயரம் சுமார் 13 சென்டிமீட்டர், மாடலில் ஒன்றரை மில்லிமீட்டர். மெல்லிய ரகத் தண்டவாளம் வாங்குங்கள். தடித்ததைப் போட்டால் அதன்மேல் ஒய்டிஎம்-4 என்ற மீட்டர் கேஜ் டீசல் எஞ்சின் பொம்மையாகிவிடும்.

நீளம்தான் எல்லோரையும் அழவைப்பது. ஒரு மீட்டர் கேஜ் பெட்டி ஏறக்குறைய 19.5 மீட்டர், அதாவது மாடலில் 22 சென்டிமீட்டர். பத்துப் பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் இரண்டரை மீட்டர். என் லூப்பில் அவ்வளவு இடமில்லை, அதனால் ஆறு பெட்டியோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷன் 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மாடலில் 92 மீட்டர் வேண்டும். எங்கள் தெருவே அவ்வளவு நீளம் வராது.

இதற்கு மேல்நாட்டில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கடிகாரத்தை நாலு மடங்கு, ஆறு மடங்கு வேகமாக ஓடவிட்டு, தூரம் குறைந்ததை நேரத்தில் ஈடுகட்டுவார்கள். பெரிய லே-அவுட்டுக்கு அது சரிதான். எனக்கு ஒத்துவரவில்லை. பாயிண்ட் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாளப் பிரிவு) மாற்றுவதும், சாவி கொண்டுவருவதும், போனில் பேசுவதும் நிஜ நேரத்தில்தானே நடக்கின்றன? கடிகாரம் மட்டும் பறந்தால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூச்சு முட்டும். அதனால் நான் ஒரே ஒரு ஸ்டேஷனை மட்டும் செய்து, கடிகாரத்தை நிஜ வேகத்திலேயே விட்டிருக்கிறேன். இரு முனையிலும் வண்டி சுவரில் உள்ள துளை வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்விடும். அங்கே நாலு நாலு பாதை. அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் 8 கிலோமீட்டர் போக எட்டு நிமிடம் ஆகும். அந்த எட்டு நிமிடம் கழிந்த பிறகே வண்டி வந்து சேர்ந்ததாக மணி அடிப்பார்.

1940களில் நியூ ஆர்லியன்ஸில் ஃபிராங்க் எல்லிசன் என்பவர் டெல்டா லைன்ஸ் என்ற மாடல் ரயில்வேயை நடத்தினார். ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர். கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். திரைக்குப் பின்னால் வேஷம் கட்டியவர் காத்திருப்பார், முறை வந்ததும் வெளியே வருவார். என் பக்கத்து அறை அந்தத் திரைமறைவுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். வைகை எக்ஸ்பிரஸ் 1977-ல் வந்தது. அப்போதைய ஒற்றைப் பாதையில் அதற்கு வழிவிட மற்ற வண்டிகள் எல்லாம் ஒதுங்கும். என் ஸ்டேஷனில் சென்னை நோக்கி வரும் வைகை, எதிரே திருச்சி நோக்கி வரும் பாசஞ்சரைக் கிராஸ் செய்கிறது. பாசஞ்சர் முதலில் லூப்பில் வந்து நிற்க வேண்டும். அதன் டிரைவர் கொண்டுவரும் டோக்கன் பந்தை, அதாவது அந்தப் பிரிவில் ஓட அனுமதியான உருண்டையை, மாஸ்டர் வாங்கிக் கருவியில் போட்டால்தான் வடக்குப் பிரிவு (வடக்கே அடுத்த ஸ்டேஷன் வரையிலான பாதை) காலி. காலியான பிறகே வைகைக்கு லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அடுத்த ஸ்டேஷனின் சம்மதம், கேட்கலாம். அந்தப் பக்கம் அனுமதி தந்தால் இந்தப் பக்கம் ஒரு பந்து வெளியே வரும். அதைப் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி, பிளாட்பாரத்தில் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வைகை தெற்குப் பந்தை வீசிவிட்டு இதைப் பற்றிக்கொண்டு நிற்காமல் போகும். வீசிய பந்து கருவிக்குள் போனபின்தான் பாசஞ்சருக்குத் தெற்கே லைன் கிளியர். ஒருவர் கையில் இருப்பது மற்றவர் கைக்கு வராமல் யாரும் நகர முடியாது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

நிஜத்தில் அது நீல்ஸ் பால் டோக்கன் கருவி. அடுத்தடுத்த பிரிவுகளின் பந்துகள் மாறிப்போகாதபடி வடிவத்தில் வித்தியாசம் வைத்திருப்பார்கள். நான் பேரிங் கடையில் இரண்டு அளவு எஃகுக் குண்டுகள் வாங்கினேன், வடக்குக்குப் பெரியது, தெற்குக்குச் சிறியது. எஞ்சினை ஓட்டும் கன்ட்ரோலர் பக்கத்தில் பித்தளைக் கிண்ணங்கள். குண்டு உட்கார்ந்தால் மின்சுற்று முடிந்து, ஸ்டார்ட்டரை (வண்டி கிளம்ப அனுமதிக்கும் சிக்னலை) தாண்டிய பாதைக்குக் கரண்ட் போகும். சிறியது பெரிய கிண்ணத்தில் இரு முனையையும் தொடாது. குண்டு இல்லாத டிரைவர் எவ்வளவு திருகினாலும் எஞ்சின் அசையாது.

கைகாட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம். மாடல்காரர்கள் பெரும்பாலும் சர்வோ மோட்டார் வைப்பார்கள். சுத்தமாக இயங்கும், ஆனால் கரண்ட் போனால் கை எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். நிஜக் கைகாட்டியில் கம்பி அறுந்தால் எதிர் எடை இழுத்து, கை தானாகவே கிடைநிலைக்கு, அதாவது நில் என்ற நிலைக்கு வந்துவிடும். அந்தக் குணம் மாடலிலும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பலகைக்கு அடியில் தூண்டில் நரம்பு, சின்னப் புல்லிகள், கம்பத்தில் கடுகளவு ஈயம். நெம்புகோலை இழுத்தால் கை இறங்கி லேசாக நடுங்கி நிற்கும். நரம்பை வெட்டிவிட்டால் மேலே போய்விடும். 8 மீட்டர் கம்பம் மாடலில் 9 சென்டிமீட்டர். அதற்குள் இத்தனையும் அடங்குகிறது. நெம்புகோல்களுக்கு அடியில் பள்ளம் வெட்டிய பித்தளைப் பட்டைகள் ஒன்றையொன்று பூட்டும். லூப்புக்குப் பாயிண்ட் திருப்பிப் பூட்டாமல் லூப்பின் ஹோம் (வண்டி ஸ்டேஷனுக்குள் வர அனுமதிக்கும் கைகாட்டி) இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாலைந்து பேர் கூடுகிறோம். ஓய்வுபெற்ற குட்ஸ் டிரைவர் ஒருவர், வண்டியின் பின்னால் வரும் கார்டாக இருந்த ஒருவர், எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண். அந்தப் பெண்தான் மாஸ்டர். பிரைவேட் நம்பர் தாளை (பேச்சை உறுதிப்படுத்த அடுத்த ஸ்டேஷனோடு பரிமாறும் எண்களின் பட்டியலை) விரல் வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே வருவாள். போன வாரம் பாசஞ்சரும் வைகையும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் வந்துவிட்டன.

"வைகையை வெளியில நிறுத்தாதே பாப்பா, மானம் போயிடும்" என்றார் டிரைவர்.

"ரெண்டையும் சேர்த்து உள்ளே எடுக்க முடியாது தாத்தா. பாசஞ்சர் லூப்ல முழுசா நிக்கட்டும்."

அவள் சொன்னது சரியான விதி. லூப்பின் முனையில் மணல்மேடு போன்ற பாதுகாப்பு இல்லாத ஸ்டேஷனில் எதிரெதிர் வண்டிகளை ஒரே நேரத்தில் உள்ளே விடக்கூடாது. முன்னே வரும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கினால் மோதல்தான். வைகை ஹோம் வெளியே மூன்று நிமிடம் நின்றது. யாரும் பேசவில்லை, எல்லோரும் பாசஞ்சரின் கடைசிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் இத்தனை வேலையும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 60 கிலோமீட்டர் என்பது மாடலில் நொடிக்கு 19 சென்டிமீட்டர். பெட்டிகளைக் கழற்றி மாற்றும் ஷண்டிங்குக்கு 5 சென்டிமீட்டர்கூட வராது. பழக்கமில்லாதவர்கள் எல்லோரும் இதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகத்தான் ஓட்டுவார்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கைக்கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.

இப்போது திருச்சிப் பக்க முனையில் லூப்பை நீட்டி ஒரு மணல்மேடு போடும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். எம்-சாண்டை மாவுச் சல்லடையில் சலித்தாயிற்று. அது முடிந்தால் இரண்டு ஹோமையும் சேர்த்து இறக்கலாம். அதற்கு நெம்புகோல் பட்டையில் இரண்டு பள்ளங்களைப் புதிதாக வெட்ட வேண்டும். அந்தப் படத்தைப் பத்தாம் வகுப்பு மாஸ்டரே வரைந்து கொடுத்திருக்கிறாள்.