மலாக்காவில் அம்மா தேடிய கப்பல்

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, பகாவிலிருந்து அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு மலாக்காவின் கடல்சார் அருங்காட்சியகத்திற்குச் சென்றேன். எங்கள் பட்டணத்தைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும்தான் என்பதால், மகளுக்குக் கப்பல் என்பது பாடநூலில் கண்ட படம் மட்டுமே.

ஆற்றோரம் நிற்கும் அந்தப் பெரிய மரக்கப்பல், 'புளோர் டி லா மார்' என்னும் போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி. 36 மீட்டர் நீளமும் 34 மீட்டர் உயரமும் உடையது. 1502இல் லிஸ்பனில் கட்டப்பட்ட மூலக்கப்பல், 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் இங்கே கொள்ளையடித்த செல்வத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் சுமத்ராக் கரையருகே புயலில் மூழ்கிவிட்டது. அவர் உயிர் தப்பினார். ஒரு நகரையே சூறையாடிய கப்பலுக்கு இத்தனை கம்பீரமான உருவமா என்ற வருத்தம், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறும்போதே எனக்குள் எழுந்தது.

கண்ணாடிப் பேழைகளில் இருந்த பீங்கான் பாத்திரங்களின் முன்தான் வெகுநேரம் நின்றோம். 1817இல் சீனாவிலிருந்து மதராசுக்குச் சென்றபோது மலாக்கா நீரிணையில் மூழ்கிய 'டயானா' என்னும் கப்பலின் சரக்கு அது. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் கடலடியில் கிடந்தும் கிண்ணங்களின் நீலக் கோடுகள் மங்கவில்லை. மகள் விளக்கப் பலகையை உரக்கப் படித்தாள். 'மெட்ராஸ்' என்று காதில் விழுந்ததும் அம்மா திரும்பினார்.

"மெட்ராஸ் கப்பலா? அப்போ நம்ம ரஜூலா எங்கேய்யா?"

1937இல் அம்மாவின் அப்பா, பன்னிரண்டு வயதில், தம் பெற்றோருடன் நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் ரஜூலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அக்கப்பலில், திறந்த தளத்தில் மட்டுமே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்யலாம். அறை கிடையாது, பாயை விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, அதன் பிடியில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தம் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உறங்கியதாகத் தாத்தா சொல்வாராம். கரையிறங்கிய பின் வாழ்நாள் முழுவதும் அவர் பார்த்தது ரப்பர் மரம் சீவும் வேலை. ரஜூலாவோ 1973இல் கைமாறி, 'ரங்கத்' என்று பெயர் மாறி, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "உடைச்சிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ரஜூலாவின் தளத்தில் ஒரு மூலையையாவது, பாயும் பெட்டியுமாக, இந்நாட்டில் எங்கேனும் மாதிரியாகச் செய்து வைக்க வேண்டும் என்பது அன்று முதல் என் ஆசை. மலாயாத் தமிழர்களில் எத்தனையோ குடும்பங்களின் வரலாறு அந்தத் தளத்தில்தான் தொடங்குகிறது.

வீடு திரும்பியதும் மகள் அந்தத் தகரப்பெட்டியை அளந்தாள். நீளம் இரண்டரை அடி. மூடியில் தாத்தாவின் அப்பா பெயர் வெள்ளைச் சாயத்தில், பாதி உரிந்து, இன்னும் இருக்கிறது. அம்மா அதிலிருந்த பழைய சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டு, துருவைத் துடைத்து, பெட்டியை முன்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்.