சேர் கீறச் சொன்ன கடல்

1979இல் நமது கல்லூரியில் ஒன்பதாம் வகுப்பில் படித்தவர்களுக்கு, சித்திர சேர் எங்களை மன்னார்ப் பள்ளிமுனைக்கு நடத்திக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கும். பெருக்கமரத்தைக் கீறி முடித்ததும் கடலையும் கீறச் சொன்னார். நான் வழக்கம்போல நீலத்தைக் கரைத்து அப்பினேன். சேர் என் தோளைப் பிடித்துக் கடற்பக்கம் திருப்பினார். "எங்கை ராசா நீலம்? கண்ணாலை கண்டதைக் கீறு."

சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம். கடல் சேற்று நிறத்தில் கலங்கிக் கிடந்தது. அதன் கரையில் பிறந்து வளர்ந்தவன், அன்றுதான் அதைப் பார்த்தேன்.

சேர் இன்று இல்லை. 2025 யூலையில் ஊருக்குப் போனபோது, அதே சித்திர அறையில் அவருடைய பேச்சை ஒரு சிறுமியின் வாயால் திரும்பக் கேட்டேன்.

அந்த வருடம் மே 25ஆம் திகதி கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. அதிலிருந்து கொட்டுண்ட பிளாஸ்ரிக் மணிகள் கன்னியாகுமரி, தனுஷ்கோடி என்று ஒதுங்கி, யூனில் மன்னார்க் கரைக்கும் வந்தன. பையும் வாளியும் போத்தலும் இப்படியான மணிகளை உருக்கித்தான் செய்கிறார்கள். 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இதே மணிகள் ஏறத்தாழ 1,680 தொன் இருந்தன. அந்தக் காயம் ஆறுமுன் நாலு வருடத்தில் இன்னொன்று. நினைக்க வயிறு எரிகிறது.

பிள்ளைகள் கரைக்குப் போய் மணலை அள்ளி வந்து வாளித் தண்ணீரில் கரைத்திருந்தார்கள். மணல் அடியில் தங்க, மணிகள் மிதந்து வரும். தேத்தண்ணி வடியால் அவற்றை அள்ளிச் சுளகில் காயவிட்டிருந்தார்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் விரித்தேன். வெள்ளை வெளேரென்று, சவ்வரிசியேதான். மீனும் பறவையும் இரையென்று விழுங்காமல் என்ன செய்யும்?

அந்த மணிகளைப் பசையில் ஒட்டித்தான் சித்திரங்கள் செய்திருந்தார்கள். ஒருவன் கரைவலை கீறி, முடிச்சுக்கு முடிச்சு ஒரு மணி வைத்திருந்தான். எல்லாவற்றிலும் என்னை நிற்கவைத்தது தரம் 9 மாணவி ஒருத்தி செய்த ஆவுளியா, அதுதான் கடற்பசு. கடற்புல் மேய்கிற அந்தச் சாதுப் பிராணியின் உடம்பு முழுக்க மணிகளால் நிரம்பியிருந்தது. பின்னால் கடல் சேற்று நிறம். ஆனால் முகத்தில் கண் இல்லை.

"கண்ணை ஏன் பிள்ளை விட்டிட்டீங்கள்?" என்று கேட்டேன்.

"கண்டதைத்தான் கீறவேணும் எண்டு ரீச்சர் சொன்னவ, அங்கிள். அப்பப்பா நிறையக் கண்டவராம். நான் ஒருநாளும் உயிரோடை காணேல்லை."

அந்த ரீச்சர் நமது சேரிடம் படித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

புறப்படும்போது மேசைக்குக் கீழே ஒரு பெரிய போத்தல் நிறைய மிச்ச மணிகள் இருப்பதைக் கண்டேன். வாயை இறுக்கி மூடி, மேலே துணியும் கட்டியிருந்தார்கள். எறியாமல் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்றேன். கொட்டினால் மாரி வெள்ளத்தோடு திரும்பவும் கடலுக்குத்தான் போகும் என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.