பதினொன்றாம் படம்

பிப்ரவரி 6
அக்காவிடமிருந்து மறுபடி அதே கேள்வி: "அந்த ஈ என்னன்னு பார்த்தியாடி?" தென்னாப்பிரிக்காவின் சானி பாஸ் மலைப்பாதையில் அவள் எடுத்த 14 படங்களும் வந்துவிட்டன. டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 7
ஒன்பது படங்கள் வெறும் மங்கல். மற்றவற்றில் தெரிவது உடம்பை விட நீளமான உறிஞ்சுகுழல்தான். ரோமம் மண்டிய உடம்பைப் பார்த்து, தேனீ மாதிரி இருக்கும் பாம்பிலிட் வகை ஈ என்று நினைத்தேன். மாட்டைக் கடிக்கிற டபானிட் வகையிலும் இவ்வளவு நீள மூக்குடைய பிலோலிகி இந்த நாட்டில் உண்டு. மூக்கை நம்பிப் பயனில்லை. இறக்கை நரம்பு தெரிய வேண்டும்.

பிப்ரவரி 9
நர்ஸுக்கு இன்றும் நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினார்கள். அக்கா கையை நீட்டிக்கொண்டு ஈயைப் பற்றியே பேசினாள்.

பிப்ரவரி 10
லோட் ஷெட்டிங். ரசம் வைத்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 12
பதினொன்றாம் படம்! ஓரத்தில், பூவுக்குப் பின்னால், விரிந்த இறக்கை. டபானிட் என்றால் இரண்டு நரம்புகள் V மாதிரி பிரிந்து இறக்கை நுனியை நடுவில் விட்டுப் போகும். இதில் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. மற்ற நரம்புகளெல்லாம் வளைந்து ஒன்றையொன்று ஒட்டினாற்போல் ஓடுகின்றன. நெமஸ்ட்ரினிட் என்ற ஈக் குடும்பம்தான், சந்தேகமில்லை. டிராக்கன்ஸ்பெர்க் மலை, கோடைக் கடைசி, இந்த மூக்கு எல்லாம் சேர்த்தால் அந்தக் குடும்பத்து ப்ரோசீகா கங்ல்பாவெரி. ஆனால் ஒரு படத்தை வைத்து இனம் வரை சத்தியம் செய்ய மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இருக்கும் க்வாஸுலு-நட்டால் மியூசியத்தில் ஈக்களின் பெரிய சேகரிப்பே இருக்கிறது. ஒரு நாள் போய்க் கேட்க வேண்டும். எந்த நாள்?

பிப்ரவரி 13
சொன்னேன். சிரித்தாள். அப்புறம், "குட்டியா இருக்கும்போது எங்கடி இருக்கும்?"
இந்தக் குடும்பத்துப் புழுக்கள் வெட்டுக்கிளிக்குள்ளோ வண்டுப் புழுவுக்குள்ளோ புகுந்து, உள்ளேயிருந்தே தின்று வளரும்.
"மண்ணுக்குள்ள" என்றேன். வண்டுப் புழு மண்ணில்தானே இருக்கிறது, முழுப்பொய் இல்லை.
பேச்சை மாற்ற டீசா நிவேயா கதையைச் சொன்னேன்: வெள்ளை ஆர்க்கிட், பக்கத்தில் பூக்கும் சலுசியான்ஸ்கியா மாதிரியே வேஷம், உள்ளே துளி தேன் கிடையாது. ஈ ஏமாந்து மூக்கை உள்ளே நுழைத்துப் பார்த்துவிட்டு, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும்.
"பாவம்டி அது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்குத்தான் சொன்னேனோ.

பிப்ரவரி 15
வெள்ளிக்கிழமை ரிசல்ட் என்றார் மாமா. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 16
தூக்கம் வரவில்லை. ஈயை விட்டுவிட்டு இன்று பூவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழ் ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஆர்க்கிட் அப்படி இருக்காது. சலுசியான்ஸ்கியாவேதான், தேன் உள்ள பூ. அக்கா பார்த்த ஈ ஏமாறவில்லை.
காலையில் மாமா பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.