ஓல்ட் கோர்ஸிடமிருந்து அகஸ்டா பெற்றதும் பெறாததும்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள ஓல்ட் கோர்ஸ், இன்னார் வடிவமைத்தார் என்று சொல்ல முடியாதபடி கடலோர மணல்வெளியில் நூற்றாண்டுகளாகத் தானே உருப்பெற்ற கோல்ஃப் மைதானம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அகஸ்டா நேஷனலோ, முன்பு நாற்றுப்பண்ணையாக இருந்த நிலத்தில் 1930களின் தொடக்கத்தில் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. தோற்றத்தில் இரண்டுக்கும் ஒட்டோ உறவோ தெரியாது. ஆனால் அகஸ்டாவை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கென்ஸி, 1924இல் ஓல்ட் கோர்ஸை நுணுக்கமாக அளந்து வரைபடமாக்கியவர். அவருடன் சேர்ந்து உழைத்த பாபி ஜோன்ஸ், 1927இல் ஓல்ட் கோர்ஸில் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தையும் 1930இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் வென்றவர். ஆகவே அகஸ்டாவின் சில ஹோல்களில், அதாவது முதல் அடி தொடங்கி குழி வரையிலான ஆட்டப் பகுதிகளில், செயின்ட் ஆண்ட்ரூஸின் சாயல் இருப்பதில் வியப்பில்லை. அந்தச் சாயல் நேரடியாகத் தெரியும் ஹோல்களைவிட, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத ஒரு ஹோலில்தான் ஓல்ட் கோர்ஸின் உண்மையான பாடம் முழுமையாக இறங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் ஓல்ட் கோர்ஸின் 11ஆவது ஹோல். ஏறத்தாழ 175 கஜத் தொலைவுள்ள பார் 3, அதாவது மூன்று அடிகளில் முடிக்க வேண்டியது. குழி அமைந்த குறும்புல் பரப்பான கிரீனுக்குப் பின்னால் ஈடன் ஆற்றின் முகத்துவாரம். இடப்பக்கம் ஹில் பங்கர் என்னும் மணற்பள்ளம், வலப்பக்க முகப்பில் ஸ்ட்ராத் பங்கர். கிரீன் பின்னாலிருந்து முன்னோக்கிக் கடுமையாகச் சரிவதால், குழிக்கு மேலே நின்றுவிட்ட பந்தை அங்கிருந்து உருட்டிவிடுவது பெரும் ஆபத்து. 1921 ஓபன் போட்டியின் மூன்றாம் சுற்றில், இளைஞராயிருந்த ஜோன்ஸ் ஹில் பங்கரில் சிக்கி, ஆட்டத்தையே கைவிட்ட இடம் இதுதான். அத்தனை கடுமைக்கு நடுவிலும், இரு பங்கர்களுக்கும் இடையே தரையோடு பந்தை ஓடவிட்டு கிரீனில் ஏற்ற ஒரு வழி திறந்திருக்கிறது. வலுவில்லாதவரும் நிதானத்தால் பிழைக்கலாம் என்பதே இந்த ஹோலின் அழகு.

அகஸ்டாவின் நான்காவது ஹோல் இதை முன்மாதிரியாகக் கொண்டு பிறந்தது. முகப்பில் பங்கர்களும் சரிவான கிரீனும் உண்டு. ஆனால் இன்று அதன் நீளம் 240 கஜம். அத்தனை தொலைவிலிருந்து பந்தை வானில் உயரப் பறக்கவிட்டு கிரீனில் நிறுத்துவதே நடைமுறையில் ஒரே வழி. கடலோரத்தின் இறுகிய தரை ஜார்ஜியாவில் கிடைக்காது என்பதும் உண்மைதான். உருவம் வந்துவிட்டது, தேர்ந்தெடுக்கும் உரிமை வரவில்லை.

ரோடு ஹோல் என்று புகழ்பெற்ற ஓல்ட் கோர்ஸின் 17ஆவது ஹோலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் முழுவதும் எல்லைக்கு வெளியேயான பகுதி. முதல் அடியை அடிக்கும் இடமான டீயிலிருந்து ஹோட்டல் வளாகத்தின் மூலையைத் தாண்டி அடிக்க வேண்டும். ஆபத்தை ஒட்டி வலப்பக்கம் பந்தை நிறுத்துபவருக்கு கிரீன் நீளவாக்கில் திறந்து கிடக்கும். அஞ்சி இடப்பக்கம் ஒதுங்குபவருக்கு அதே கிரீன் குறுக்காக, மிக ஒடுக்கமாகத் தெரியும்; முன்னால் ரோடு பங்கர், பின்னால் சாலை, அதற்கும் அப்பால் கல்சுவர். அந்தப் பங்கரின் அளவு பெரிதன்று. ஆனால் சுற்றியுள்ள தரை அதை நோக்கிச் சரிவதால், அருகில் வரும் பந்துகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். புற்கட்டிகளை அடுக்கி எழுப்பிய அதன் முகப்பு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். 1978 ஓபனில் டாமி நகாஜிமா இரண்டே அடிகளில் கிரீனை அடைந்த பிறகு, உருட்டிய பந்து அந்தப் பங்கருக்குள் விழுந்து, வெளியே வர நான்கு அடிகள் செலவழித்து, அந்த ஹோலை ஒன்பதில் முடித்தார்.

அகஸ்டாவின் ஐந்தாவது ஹோல் இதன் எண்ணத்தைத் தழுவியது. திருப்பம் மட்டும் இடப்பக்கம். மூலையில் ஆழமான பங்கர்கள். வியப்பான ஒற்றுமை என்னவென்றால், இரண்டு ஹோல்களும் 455 கஜத்திலிருந்து 495 கஜமாக நீட்டப்பட்டவை. ரோடு ஹோல் 2010இல், அகஸ்டாவின் ஐந்தாவது 2019இல். நீட்டிய பிறகும் ரோடு ஹோலில் கோணத்தின் மதிப்பு குறையவில்லை, ஏனெனில் அங்கே தண்டனை கிரீனின் கிடப்பிலேயே இருக்கிறது. அகஸ்டாவில் பங்கர்களைத் தாண்ட முடியாமல் பலரும் வலப்பக்கமே ஒதுங்கி அடிக்கிறார்கள். கேள்வி வலிமையைப் பற்றியதாகச் சுருங்கிவிட்டது. ஏழாவது ஹோலின் கதையும் ஏறத்தாழ இதுவே: ஓல்ட் கோர்ஸின் 18ஆவது ஹோலை ஒத்திருந்த அது, 1938இல் கிரீன் மாற்றியமைக்கப்பட்டு பங்கர்கள் சூழ்ந்தபோது அந்தச் சாயலை இழந்தது.

ஓல்ட் கோர்ஸில் அகலம் தாராளமானது. முதல் ஹோலும் 18ஆவது ஹோலும் டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்வெளியான ஃபேர்வேயை ஒரே பெரும் பரப்பாகப் பகிர்ந்துகொள்கின்றன. பதினான்கு ஹோல்கள் ஏழு இரட்டை கிரீன்களில் முடிகின்றன, ஒவ்வொரு இணையின் எண்களையும் கூட்டினால் 18 வரும். எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் அடித்த இடத்துக்கான விலை அடுத்த அடியில் தெரியும். தொடக்க கால அகஸ்டாவும் அப்படித்தான் விரிந்து கிடந்தது. 1999இல் ஃபேர்வேயின் ஓரங்களில் புல்லைச் சற்று உயரமாக விட்டார்கள். பின்னர் 11ஆவது ஹோலின் வலப்பக்கம் மரங்களையும் நட்டார்கள். மெக்கென்ஸி 1934 ஜனவரியில் மறைந்தவர். இவற்றைப் பார்த்திருந்தால் ஏற்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஓல்ட் கோர்ஸின் பாடம் முழுமையாக இறங்கியதாகத் தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு ஹோல், அகஸ்டாவின் 13ஆவது. செயின்ட் ஆண்ட்ரூஸில் இதற்கு நேரான மாதிரி எதுவும் இல்லை. பைன் மரங்களும் அசேலியாப் பூக்களும் ஓடையும் முற்றிலும் அந்த மண்ணுக்கே உரியவை. ஆனால் இடப்பக்கம் வளையும் இந்தப் பார் 5இல், ஓடையை ஒட்டிப் பந்தை நிறுத்தத் துணிபவருக்கு ஓரளவு சமமான தரையும் குறைந்த தொலைவும் கிடைக்கின்றன. வலப்பக்கம் பாதுகாப்பாக ஒதுங்குபவர், கால்மட்டத்துக்கு மேலே பந்து இருக்கும் சரிவில் நின்று, கிரீனின் முன்னால் குறுக்கே ஓடும் நீரைத் தாண்ட வேண்டும். வலக்கை ஆட்டக்காரரின் பந்தை அந்தச் சரிவு இடப்பக்கம் இழுக்கும். ரோடு ஹோல் கேட்கும் கேள்வியேதான் இது, வேறொரு நிலத்தில்.

2023இல் இதன் டீயையும் பின்னுக்கு நகர்த்தி, 510 கஜத்தை 545 ஆக்கினார்கள். மூலையைத் தாண்டி மரங்களுக்கு மேலாக அடித்துவிடும் பழக்கம் பரவியிருந்ததால், இந்த ஒரு நீட்டிப்பை மட்டும் நான் மனமார வரவேற்கிறேன்: ஓடையை ஒட்டி அடிப்பதா, ஒதுங்குவதா என்று டீயில் நின்று யோசிக்கும் தேவையை அது மீண்டும் உருவாக்கியது.