ஊர்ந்து போகும்போது 195 கிலோ

மாலை ஆறரை மணிக்குச் சென்னையில் சைதாப்பேட்டையிலிருந்து கத்திப்பாரா வரை ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் ஓட்டுகிறவருக்கு மூன்றாம் கியர் அநேகமாகத் தேவைப்படாது. பலர் இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடியே வண்டியை நகர்த்துகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கால் பின் பிரேக்கில் இல்லையென்றால், அவசரத்தில் கை முன் பிரேக்கைத்தான் பிடிக்கும்.

ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கும், எடை முழுக்கத் திரும்பிய பக்கம் சரியும். 195 கிலோ வண்டி ஒருமுறை சரிய ஆரம்பித்துவிட்டால் ஒற்றைக் காலால் நிறுத்த முடியாது. மெதுவாக வளையும்போது முன் பிரேக் லீவரில் விரலே இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

வேகத்தை ஆக்சிலேட்டரில் கட்டுப்படுத்தாதீர்கள். இந்த வண்டியில் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். ஐடிலிங் சத்தத்துக்கு மேல் ஒரு சுருதி ஏற்றி, மணிக்கட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மீதி வேலை கிளட்சுக்கு. இரண்டு விரலால், பிடிக்கத் தொடங்கும் இடத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் விட்டு விட்டுப் பிடித்தால் போதும். கூடவே பின் பிரேக்கை லேசாக அழுத்தியே வைத்திருங்கள். செயின் தொய்வில்லாமல் இழுபட்டு நிற்பதால் அந்த 'டக்' என்ற குலுக்கல் வராது.

"ஹாஃப் கிளட்ச் போட்டால் பிளேட் போயிடும்" என்று மெக்கானிக் சொல்வது பாதி உண்மை. இது எண்ணெயில் முங்கிய கிளட்ச். சில விநாடிகள் விட்டுவிட்டு வழுக்க விட்டால் ஒன்றும் ஆகாது. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மேம்பால ஏற்றத்தில் நிமிடக்கணக்கில் அப்படியே தொங்கினால்தான் கருகும். ஏற்றத்தில் பின் பிரேக்கில் நில்லுங்கள், முன்னால் இரண்டு வண்டி நீளம் இடம் விழட்டும், அப்புறம் எடுங்கள்.

கிளட்ச் லீவரில் 2-3 மில்லிமீட்டர் ஃப்ரீ ப்ளே, அதாவது கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா அசையும் தூரம், இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாக இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். அதிகமானால் முழுசாக விடுபடாது. சிக்னலில் நியூட்ரல் விழாமல் மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யூ டர்னில் முன் சக்கரத்தைப் பார்த்தால் கால் தானாகக் கீழே போகும். திரும்பி முடிக்கப்போகும் இடத்தைக் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். வண்டி உள்பக்கம் சாயட்டும், உடம்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். திருப்பத்தின் நடுவில் கிளட்சை முழுசாகப் பிடித்துவிடாதீர்கள். பின் சக்கரத்துக்கு இழுப்பு நின்றதும் வண்டி பொத்தென்று உள்பக்கம் விழும்.

மழையில் வெள்ளைக் கோடும் மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடும் சோப்பு மாதிரி. நேராக, பிரேக் தொடாமல் கடந்துவிடுங்கள்.

பழகுவதற்குக் காலி மைதானம் போதும். 20 மீட்டரைக் கால் ஊன்றாமல் 15 விநாடியில் கடந்து பாருங்கள். ஸ்பீடாமீட்டரைப் பார்க்காதீர்கள், பார்த்தால் ஆடும்.

சாய்வு கையை மீறிவிட்டதா, விட்டுவிடுங்கள். முட்டியைவிட கிராஷ் கார்டு மலிவு. இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டுவிட்டுத் தூக்குங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பக்கம் விழும்.