மங்கரேவாவின் இரட்டிப்புக் கணக்கு

தாகித்தியிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில், பிரெஞ்சு பாலினீசியாவின் காம்பியர் தீவுக்கூட்டத்தில் மங்கரேவா இருக்கிறது. ஆமை, மீன், தேங்காய், பேய்க்கணவாய், சீமைப்பலா போன்ற மதிப்புமிக்க பொருள்களை எண்ணுவதற்கென்றே அத்தீவு மக்கள் தனியாக ஓர் எண்ணுமுறையை வைத்திருந்தார்கள். தலைவருக்குச் செலுத்த வேண்டிய பங்கு, விருந்துகளில் அவர் பகிர்ந்தளிப்பது, பண்டமாற்று என எல்லாவற்றுக்கும் கணக்கு தேவைப்பட்டது. எழுத்து இல்லாததால் அத்தனையும் மனக்கணக்கு.

ஒன்று முதல் ஒன்பது வரை அவர்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பத்து 'தக்காவு'. அதற்கு மேல்தான் வழி மாறுகிறது: இருபது 'பௌவா', நாற்பது 'தத்தௌவா', எண்பது 'வரு'. ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டிப்பு. ஆகவே எழுபது என்பது ஒரு தத்தௌவா, ஒரு பௌவா, ஒரு தக்காவு. ஐம்பது என்பது ஒரு தத்தௌவா, ஒரு தக்காவு.

இவ்விரண்டையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு தக்காவு சேர்ந்து ஒரு பௌவா ஆகிறது. ஏற்கெனவே ஒரு பௌவா இருப்பதால், இரண்டும் சேர்ந்து ஒரு தத்தௌவா. இப்போது கையில் மூன்று தத்தௌவா. அவற்றுள் இரண்டு ஒரு வருவாக மாற, மிஞ்சுவது ஒன்று. விடை ஒரு வரு, ஒரு தத்தௌவா, அதாவது 120. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பதை மனப்பாடம் செய்திருக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரே வகையில் இரண்டு சேர்ந்தால் அடுத்த படிக்கு ஏற்ற வேண்டும் என்ற ஒரு விதி போதும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், கூட்டல் வாய்பாட்டோடு அவர்கள் படும் பாட்டை நான் நன்றாக அறிவேன். இந்தத் தீவினர் அந்தச் சுமையை எவ்வளவு அழகாக இறக்கிவைத்திருக்கிறார்கள் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. எண்ணும் அலகே பொருளுக்குப் பொருள் மாறும். சில பொருள்களை ஒவ்வொன்றாகவும், சிலவற்றை இரண்டிரண்டாகவும், வேறு சிலவற்றை நான்கு அல்லது எட்டு கொண்ட தொகுதிகளாகவும் எண்ணினார்கள். எனவே ஒரு வரு என்பது பொருளைப் பொறுத்து 80, 160, 320 அல்லது 640 உருப்படிகளைக் குறிக்கும். பெரிய குவியலையும் சிறிய எண்களைக் கொண்டே கையாள முடிந்தது.

பொருளுக்கொரு கணக்கு வைத்திருப்பவர்களுக்கு எண்ணைப் பொருளிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று ஐரோப்பிய அறிஞர்கள் பலர் ஒரு காலத்தில் கருதினார்கள். இது தவறு என்பதற்கான சான்றைச் சிங்கப்பூரில் வாழும் நாம் காதாலேயே கேட்கலாம். மலாயில் இரண்டு 'டுவா', ஐந்து 'லீமா'. மங்கரேவாவில் அவை 'ருவா', 'ரீமா'. இரண்டும் ஒரே ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பம். பத்தை அடிப்படையாகக் கொண்ட பொதுவான எண்வரிசையைக் கடலோடிகள் தங்களுடனேயே கொண்டுசென்றிருக்கிறார்கள். இரட்டிப்புப் படிகள் அதன்மேல் பின்னர் கட்டப்பட்டவை. பொது எண் முதலில், சிறப்புக் கணக்கு பிறகு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கல்யாணத்துக்கு வெற்றிலை வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனால் "ரெண்டு கவுளி கொடுங்க" என்றுதான் கேட்பார்கள்; அதற்காக அவர்களுக்கு இருநூறு என்ற எண் தெரியாது என்று யாரும் சொல்வதில்லையே.

ஆந்திரியா பெண்டர், சீகார்ட் பெல்லர் என்ற ஆய்வாளர்கள் 2013 இறுதியில் இம்முறையை விளக்கியபோது, ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்ஸுக்கு முன்பே தீவுவாசிகள் இரும எண்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்திகள் வந்தன. அந்தப் பாராட்டில் எனக்கு முழு உடன்பாடில்லை. லைப்னிட்ஸ் 1703இல் வெளியிட்டது சுழியத்தையும் ஒன்றையும் மட்டுமே கொண்டு எல்லா எண்களையும் எழுதும் முறை. தூய இரும முறையில் கணக்குப் போடுவது எளிது என்றாலும் எண்கள் மிக நீளமாகிவிடும். எழுத்தில்லாமல் நினைவில் வைத்திருப்பது கடினம். மங்கரேவா மக்கள் ஒன்பது வரை பதின்ம முறையின் சுருக்கத்தையும், பத்துக்கு மேல் இரட்டிப்பின் எளிமையையும் எடுத்துக்கொண்டார்கள். அது இரும முறையின் அரைகுறை வடிவம் அன்று. தங்கள் தேவைக்கேற்ப அவர்களே உருவாக்கிய தனி முறை.

பசிபிக்கில் இத்தகைய கணக்குகள் பல இருந்தன. ஹவாயில் நான்கு 'காவுனா', நாற்பது 'காஅவு', நானூறு 'லாவ்', நாலாயிரம் 'மனோ'. பிஜியின் பழைய வழக்கில் நூறு படகுகளுக்கு ஒரு சொல், நூறு தேங்காய்களுக்கு வேறொரு சொல்.

மங்கரேவாவுக்குக் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் வந்தது 1834இல். அவர்களுக்குப் பின் எழுத்தும் இலக்கமும் பரவின, தலைவர்களின் பழைய ஆட்சிமுறை கரைந்தது, பங்கு செலுத்தும் வழக்கமும் நின்றது. ஆமையையும் பேய்க்கணவாயையும் குவித்து எண்ண வேண்டிய இடமே இல்லாதபோது வருவும் தத்தௌவாவும் வழக்கொழிந்தன. மாவோரி அறிஞர் தெ ராங்கி ஹிரோவா 1938இல் வெளியிட்டது போன்ற பழைய பதிவுகளைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் இக்கணக்கின் உள்ளமைப்பை மீட்டெடுத்திருக்கிறார்கள்.